கிளட்ச் பிடிக்கும் கை

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

கொசு எழுதுகிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டுமென்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நான் நலம். அம்மாவைப் பற்றி அந்த வரியை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ தையலக்காவுக்குப் போட்ட அட்டையிலிருந்து இந்த முகவரியை எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. உன் பேச்சை எடுத்தாலே கையிலிருக்கும் பாத்திரத்தை டொக்கென்று வைக்கிறாள். அவள் தூங்கிய பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். போன் செய்யாதே. போன் எப்போதும் அவள் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். பதில் எழுதினால் கீழே தையல் கடைக்கு எழுது. அக்கா யாரிடமும் சொல்ல மாட்டாள்.

விஷயம் இதுதான். நீ போன பிறகு அம்மா லேபில் உள்வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்கு மாறிவிட்டாள். நீ 'எருமை' என்று பெயர் வைத்து விட்டுப்போன பைக்கில்தான் போகிறாள். தெருப்பிள்ளைகள் அவளை 'ரத்தக்காட்டேரி' என்கிறார்கள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது, பல்லைக் காட்டிப் பயமுறுத்துகிறாள்.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் அவள் கை விறைத்துக் கிடக்கிறது. இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. கால் மணி நேரம் வெந்நீரில் வைத்திருந்தால்தான் விரல் மடங்குகிறது. ஊசி பிடித்துவிடுகிறாள். கிளட்ச்சைத்தான் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை ரத்தக் குப்பிகள் வைக்கும் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொள்ள நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். நாற்சந்தியில் வண்டி அணைந்துவிட்டது. பின்னாலிருந்த லாரிக்காரர், "ஏம்மா, ரோட்ட விலைக்கு வாங்கிட்டியா?" என்று கத்தினார். அம்மா சிரித்தாள். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, நோயாளி வீட்டுப் படி ஏறும்போதுகூட.

லேபில் தெரிந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று சொல்லாமல் இருக்கிறாள். மணிக்கட்டு வலிக்கிறவர்கள் வலி இல்லாமல் வண்டி ஓட்ட ஏதாவது வழி உண்டா? உன் வண்டி. உனக்குத்தான் தெரியும்.

கொசு

ஜூன் 21

கொசுவுக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டும் நேரம் தப்பி. கிடங்கில் இரவு வேலை. இந்த அறையில் ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேருக்கும் சேர்த்து இந்த வருஷம் வந்த ஒரே கடிதம் உன்னுடையது. யார், யார் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தூரத்திலிருந்தே கடிக்கிற ஒரு கொசு என்றேன்.

கிளட்ச் கேபிள் காய்ந்து போயிருக்கும். லீவர் பக்கத்து முனையைக் கழற்றி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடு. கீழ்முனையில் எண்ணெய் எட்டிப் பார்க்கிற வரை விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெயே போதும். பிறகு லீவரைக் கொஞ்சம் கீழே சாய்த்து முடுக்கு. அம்மா வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வர வேண்டும். மணிக்கட்டு மேலே மடிந்து நின்றால் வலி உயிரை எடுக்கும். கைப்பிடிகளுக்குத் தடிமனாகப் பஞ்சு உறை தைத்துப் போடச் சொல். பிடி தடிமனாக இருந்தால் கையை இறுக மூட வேண்டியதில்லை.

ஊர் ரத்தத்தையெல்லாம் எடுக்கிறாளே, தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தாளா?

நான் சொன்னதாகச் சொல்லாதே. படிப்பை முடிக்காமல் இந்த வாசற்படி ஏறாதே என்று சொன்னவள் என் யோசனையை மட்டும் வீட்டுக்குள் விடுவாளா?

அண்ணன்

ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று தையலக்கா அதை ஒரு ரவிக்கைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தாள். மாடிக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தேன். நான் நலம். உன் அறையிலுள்ள மற்ற ஐந்து பேரும் நலமா?

நீ சொன்னபடி எல்லாம் செய்துவிட்டோம். அம்மா மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் நானும் அக்காவும் எண்ணெய் விட்டோம். பஞ்சு உறையை அக்கா பழைய கோட்டின் தோள்பட்டைப் பஞ்சிலிருந்து தைத்தாள். மறுநாள் அம்மா கிளட்ச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாருடி இதுல கை வெச்சது?" என்றாள். தையலக்கா உறை தைத்தாள், எண்ணெயும் அவள்தான் விட்டாள் என்றேன். "அவளுக்கு எருமை வைத்தியமும் தெரியுமா?" என்று கேட்டு விட்டுவிட்டாள். ஒரு வாரம் அணையாமல் ஓட்டினாள். சிக்னலில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

ரத்தம் கேட்டாய் அல்லவா? கொடுத்திருக்கிறாள். தன் கையில் தானே ஊசி போட்டு எடுத்து, வேறு யாரோ பெயர் எழுதி, மற்றவர்கள் குப்பிகளோடு வைத்து அனுப்பிவிட்டாள். முடிவுத்தாளை நான் அவள் பையில் பார்த்தேன். இல்லாத ஒரு பெண்ணுக்கு முடக்குவாதம் என்று போட்டிருந்தது. அந்தத் தாளோடு டாக்டரைப் பார்த்தாளாம். மாத்திரை வேலை செய்ய மூன்று மாதம் ஆகும், அதுவரை கைக்கு வேலை கொடுக்கக் கூடாது, வண்டியைத் தொடவே கூடாது என்றாராம்.

மறுநாளும் அஞ்சரைக்குக் கிளம்பினாள்.

கொசு

ஜூலை 19

கொசுவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறச் சொல். கிளட்ச்சே இருக்காது. அதுவரை இதைச் செய்யட்டும்: உடம்பு பாரத்தைக் கைமேல் போடாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொள்ள வேண்டும். வண்டியைப் பிடிக்க வேண்டியது கால், கை வழிகாட்டினால் போதும். சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்தபடி நிற்காமல் நியூட்ரல் போட்டுக் கையை உதறிக்கொள்ளட்டும். டயரில் காற்று கல் மாதிரி இருந்தால் குலுக்கல் எல்லாம் மணிக்கட்டுக்குத்தான் வரும். பார்த்துக் குறை. வெளியே போகும்போது கை குளிரக் கூடாது, கையுறை போடட்டும்.

இதெல்லாம் வலியைக் கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். டாக்டர் சொன்னது வேறு.

நீ எதற்கு அஞ்சரை மணிக்கெல்லாம் விழித்திருக்கிறாய்?

அண்ணன்

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணா,

நலம். இங்கே மழை. கூடத்தில் துணி காயவில்லை, வீடே ஈர வாடையாக இருக்கிறது.

ஸ்கூட்டர் பற்றி, தையலக்காவின் யோசனை என்று சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். லேபில் வண்டி எண்ணைப் பதிந்திருக்கிறார்களாம், மாற்றினால் ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வரும் என்கிறாள். அவளுக்கு வலியைவிட அந்தக் கேள்விதான் பயம். அந்த மூன்று மாதம் எப்படியாவது கழிந்துவிட்டால் போதும் என்று காலண்டரில் பென்சிலால் கோடு போடுகிறாள்.

நான் காலையில் அவளோடு போகிறேன். பெட்டி பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா? எட்டு மணிக்குத் திரும்பிவிடுகிறோம், பள்ளிக்கு நேரம் இருக்கிறது. வகுப்பில் சில சமயம் தூக்கம் வருகிறது. டீச்சர் கேட்டார், ராத்திரி படித்தேன் என்றேன். பக்கத்தில் உட்காருகிறவள் இப்போது வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள், நான் பேசுவதே இல்லையாம்.

நீ சொன்ன நியூட்ரல் யோசனை நல்ல யோசனை. கை உண்மையிலேயே ஓய்கிறது.

கொசு

ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அக்காவிடம் தினமும் கேட்கிறேன். "தபால்காரன என்ன, கடத்திட்டா வர முடியும்?" என்கிறாள்.

சில சந்தேகங்கள். வண்டியை நிறுத்தும்போது இடது கால் தரையில் முழுசாகப் படாமல் நுனி விரல்தான் பட்டால் என்ன செய்வது? சீட்டுப் பஞ்சைக் குறைக்கலாமா, அல்லது பின்பக்க ஸ்பிரிங்கை இறக்கலாமா? அப்புறம், அந்தப் பஞ்சு உறையைக் கழற்றிவிடலாமா? பிடி தடிமனாக இருப்பதால் விரல்கள் லீவருக்கு எட்டவில்லை. லீவரைக் கைப்பிடிக்கு இன்னும் பக்கமாகக் கொண்டுவர முடியுமா?

திருப்பத்தில் மணல் கிடந்தால் முன் பிரேக் பிடிக்கலாமா? இதற்கு மட்டுமாவது சீக்கிரம் பதில் எழுது.

கொசு

செப்டம்பர் 12

கொசு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேலைக்குப் போகவில்லை.

பஞ்சு உறை அம்மாவின் கைக்கு இதம். அதைக் கழற்றச் சொல்வது சின்னக் கை. அம்மா என் உயரம், அவளுடைய கால் அந்த வண்டியில் தாராளமாகத் தரையில் ஊன்றும்.

வண்டியை ஓட்டுவது நீதானே?

உனக்குப் பதினாலு வயசு. ஆமா இல்லை என்று மட்டும் எழுது. மணலில் முன் பிரேக் பிடிக்காதே. எதையும் பிடிக்காதே. வண்டியிலேயே ஏறாதே.

அண்ணன்

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணா,

ஆமாம்.

கோபப்படாதே. முதலில் கிளட்ச் மட்டும்தான். ஜூலைக் கடைசியில் ஒருநாள் வெந்நீரில் வைத்தும் விரல் மடங்கவில்லை. முதல் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர், நாம் போகும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "முன்னாடி ஏறு. நான் பிடின்னா பிடி, விடுன்னா விடு" என்றாள். நான் முன்னால் உட்கார்ந்து இடது பக்கத்தைப் பிடித்தேன். அவள் பின்னாலிருந்து கையை நீட்டி வலது பக்கத்தைப் பிடித்தாள். "பிடி... விடு... மெதுவா விடுடி, தவளையா நீ?" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளுக்குப் பிறகு.

அப்புறம் அவளுடைய வலது கையும் முடியாமல் போயிற்று. ஊசி மட்டும் எப்படியோ பிடித்துவிடுகிறாள், வண்டியில் இப்போது எல்லாம் நான்தான். அவள் பிடி, விடு என்று சொல்வதில்லை, மடியில் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வெள்ளைக் கோட்டைக் கையை மடித்துப் போட்டுக்கொள்கிறேன், ஹெல்மெட்டும் போட்டால் தூரத்திலிருந்து பெரியவள் மாதிரி தெரியுமாம். போலீஸ்காரர் நிற்கும் இடத்துக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. விழுவதைவிட, பெட்டிக்குள் இருக்கும் குப்பிகள் பயம். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர் இருக்கிறது. ராத்திரியில் அவை உடைகிற சத்தம் கேட்டு எழுந்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மணலில் சறுக்கினோம். முட்டியில் சிராய்ப்புதான். அம்மா முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தாள், அப்புறம்தான் என்னை. பிறகு வீடு வரும்வரை என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள்.

மூன்று மாதத்தில் இன்னும் பதினைந்து நாள்தான் மிச்சம். யாரிடமும் சொல்லாதே. அம்மா மேல் ஆணை. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

கொசு

அக்டோபர் 10

அன்புள்ள அண்ணா,

பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேனோ என்று இருக்கிறது.

யாரோ லேபுக்குப் போன் செய்துவிட்டார்கள். பதினைந்து நாள் முடிவதற்கு மூன்று நாள் முன்னால். முதல் வீட்டு வாசலில் லேப் சூப்பர்வைசர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் என்னைத் திட்டவில்லை. அம்மாவைப் பார்த்து, "என்னம்மா இது?" என்று மட்டும் கேட்டார். அவள் கையை விரித்துப் பார்த்தார். உட்கார்ந்து எடுக்கிற வேலை இருந்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் இரண்டு பேருமே ஏறவில்லை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நன்றாக விடியும்வரை தள்ளினோம்.

நாங்கள் கிளம்புவதைப் பார்த்த ஒரே ஆள் தையலக்காதான். அம்மா அன்றைக்கே கீழே போய், பாதி தைத்த என் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "தெருவுல இத்தன வீடு இருக்கு, கூட இருந்தவதான் கொள்ளி வெப்பா" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள். உன் கடிதம் அத்தனையும் அவள் கை வழியாகத்தான் எனக்கு வந்தது, அவள் நினைத்தால் ஒரே வார்த்தையில் உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. மெஷினில் நூல் கோத்தாள், இரண்டு தடவை தவறிப் போனது.

நான் அங்கேயே நின்றேன். நானும் சொல்லவில்லை.

நீ இல்லைதானே? இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது.

கொசு

அக்டோபர் 23

கொசு,

நான்தான்.

நீ 'ஆமாம்' என்று எழுதிய கடிதம் கிடைத்த அன்று பஸ் நிலையத்துக்குப் போய் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பஸ் கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏறவில்லை. வாசலில் நின்று அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அறைக்கும் திரும்பப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கிடங்குக்கு எதிரே ஒரு கடையிலிருந்து போன் செய்தேன். என் பெயரைச் சொல்லவில்லை. தெருக்காரன் என்றேன்.

வந்திருக்க வேண்டியவன் போன் செய்தேன். எனக்குத் தெரியும்.

நீ விழுந்து கிடக்கிறாய் என்று ஒரு கடிதம் வருவதைவிட நீ என்னோடு பேசாமல் இருப்பது மேல் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அக்காவிடம் சொல்லிவிடு. அம்மாவிடமும் சொல்லிவிடு, நான்தான் என்று. நீ எனக்கு எழுதியதைச் சொல்ல வேண்டாம், வேறு யார் மூலமோ தெரிந்தது என்று சொல்லிக்கொள்.

அண்ணன்

நவம்பர் 6

அண்ணா,

உன் கடிதங்களையெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேறு யார் மூலமோ என்று சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தாள். நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள், ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து என் சீருடையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஒரு மணி நேரம் மெஷின் சத்தமே கேட்கவில்லை. அப்புறம் ஓட ஆரம்பித்தது. மேலே வந்து, "நோட்ட எடு" என்றாள்.

பேனா பிடிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. இனி அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் அப்படியே எழுது என்கிறாள்.

நான் நல்லா இருக்கேன். மாத்திரை கேக்குது. வீக்கம் வடிஞ்சிருக்கு. லேபுலேருந்து இன்னும் கூப்பிடல.

போன் பண்ணத் தெரிஞ்சவனுக்கு எனக்குப் பண்ணத் தெரியலயா?

(அதை எழுதாதே என்கிறாள். எழுதிவிட்டேன் என்றேன். "சரி, இருக்கட்டும்" என்கிறாள்.)

நீ செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். தப்புன்னும் சொல்ல மாட்டேன். இவள முன்னாடி உக்கார வெச்சது நான். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். இன்னும் ராத்திரில திடுக்குனு எழுந்து உக்கார்றா. தண்ணி குடுத்துப் படுக்க வெக்கறேன்.

பகல்ல தூங்கறியா? ஆறு பேர் இருக்கற ரூம்ல எப்படித் தூக்கம் வரும்?

வண்டி கீழ சும்மா நிக்குது. மழைல நனையுது. அது உன் வண்டி. வந்து எடுத்துட்டுப் போ.

(எப்போது வரச் சொல்லி எழுதட்டும் என்று கேட்டேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, விரித்துக்கொண்டிருந்தாள்.)

எப்ப வேணா வரட்டும். விடியறதுக்கு முந்தி வர்ற பஸ்ஸா இருந்தாலும் பரவால்ல. நாலரைக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. எழுந்து போறதுக்கு ஒரு வேலையும் இல்ல. லைட்டப் போடாம சும்மாதான் படுத்திருக்கேன். கதவத் தட்டினா கேக்கும்.

இப்படிக்கு,
அம்மா